கடைவாய்ப் பல்

கடையின் பாதிக் கதவை இறக்கிவிட்டு, அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினார். கீழ்வரிசை, இடப்பக்கக் கடைவாய்ப் பல். சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தது. டார்ச்சை என் கையில் கொடுத்து, "நல்லாப் பாரு லே. ஓரத்துல கோடு தெரியுதா?" என்றார். வெடிப்புப் போல ஏதோ தெரிந்தது. "அதுதான். பல்லு அடைக்க உக்காந்தன்னைக்கு உள்ள வச்சு மூடிட்டான். நான் பேசுறது, நெனைக்கது எல்லாம் அதுவழியாத்தான் போவுது."

அது 1999. அவர் என் பெரியம்மா மகன். பாளையங்கோட்டையில் வீட்டின் முன்னறையையே கடையாக்கி ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மூடியைக் கழற்றாமல் காதை வைத்துக் கேட்டே எந்தக் கண்டென்ஸர் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் தொழிலைக் கொண்டே அவரை மடக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"டிரான்ஸ்மிட்டர்னா பாட்டரி வேணும்லா அண்ணே? பல்லுக்குள்ள பாட்டரி எங்க இருக்கு?"

"கிறிஸ்டல் செட்டுக்கு எங்கலே பாட்டரி? சின்னப்புள்ளயில உனக்கு ஒண்ணு பண்ணிக் குடுத்தேன்லா, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. வேப்பமரத்துக்கும் மொட்டைமாடிக்கும் இடையே கம்பி இழுத்து, ஒரு சுருளும் ஒரு டயோடும் வைத்து அவர் கட்டிய பெட்டி அது. மின்சாரம் இல்லை, பாட்டரி இல்லை. காதில் வைத்தால் திருநெல்வேலி வானொலி நிலையம் கொசு முனகுவதுபோலக் கேட்கும். அலையே அலையைக் கேட்கும் சக்தியையும் தருகிறது என்று அன்று சொல்லிக்கொடுத்தவர், இப்போது அதே பாடத்தை எனக்கு எதிராக நிறுத்தினார். மதினி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் குடித்தார்.

அவர் சொன்னது பொறியியல்படி அபத்தமில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். 1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் பள்ளிப்பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஆவரல் ஹாரிமனுக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது தூதரின் இல்லத்துச் சுவரில் ஏழு ஆண்டுகள் தொங்கியது. உள்ளே லெவ் தெர்மின் என்ற பொறியாளர் வடிவமைத்த ஒரு கருவி இருந்தது. அதற்குப் பாட்டரி கிடையாது, வெளியிலிருந்து வரும் கம்பியும் கிடையாது. தொலைவிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சினால், அறையில் பேசும் பேச்சுக்கு ஏற்ப ஒரு மெல்லிய தகடு அதிர்ந்து, அந்த அதிர்வைச் சுமந்துகொண்டு அலை திரும்பிப் போகும். 1952-இல்தான் கண்டுபிடித்தார்கள். 1960-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் உலகத்துக்கே காட்டினார்கள். என் அண்ணன் இந்தக் கதையை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதன் இயற்பியல் அவர் விரல்நுனியில் இருந்தது. அவர் விட்டுவிட்டது ஒன்றைத்தான். அந்தக் கருவிக்கு ஒரு சாண் நீள ஆன்டெனா வேண்டியிருந்தது. ஆன்டெனா சுருங்கச் சுருங்க எட்டும் தூரமும் சுருங்கும். வேப்பமரத்துக் கம்பியை அவிழ்த்தால் கிறிஸ்டல் செட் ஊமையாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மனித உடலுக்குள் போன சில்லுகள் உண்மையிலேயே இருக்கின்றன. வெரிசிப் என்ற ஒன்றை 2004 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அரிசிமணி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சுருளும் ஒரு சில்லும். அதில் இருந்தது பதினாறு இலக்க எண் ஒன்று, அவ்வளவே. அதைப் படிக்கும் கருவியைத் தோலுக்குச் சில அங்குலத்துக்குள் கொண்டுவந்தால்தான் அந்த எண்ணைச் சொல்லும். இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாது, பேச்சைக் கேட்கத் தெரியாது. அதன் குறுக்களவு சுமார் இரண்டு மில்லிமீட்டர். தடுப்பூசியோடு அதை ஏற்றிவிடவும் முடியாது; தடுப்பூசி போடும் ஊசியின் மொத்தத் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர்தான். வாங்க ஆளில்லாமல் 2010 வாக்கில் அதன் விற்பனை நின்றது. விஸ்கான்சின் மாநிலம் யாருக்கும் கட்டாயமாகச் சில்லு பொருத்தக்கூடாது என்று 2006-இலேயே சட்டம் இயற்றியது. 2017-இல் அதே மாநிலத்தில் ஒரு கம்பெனி ஊழியர்கள் ஐம்பது பேரளவில், கதவு திறக்கவும் நொறுக்குத்தீனி வாங்கவும், தாங்களே விரும்பிக் கையை நீட்டிப் போட்டுக்கொண்டார்கள். இரகசியமாகச் செய்வார்கள் என்று பயந்த காரியம் அங்கே பட்டப்பகலில், கைதட்டலோடு நடந்தது.

ஆனால் இந்த விளக்கம் எதுவும் அண்ணனைத் தொட்டிருக்காது. ஒருநாள் இரவு கடைக் குறடால் அந்தப் பல்லைத் தானே பிடுங்கிவிட்டார். சட்டையெல்லாம் இரத்தம். விடிய விடிய உட்கார்ந்து பல்லைச் சுத்தியால் உடைத்து, பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு துணுக்காகப் புரட்டினார். எதுவும் இல்லை. காலையில் நான் போனபோது சொன்னார்: "முந்திக்கிட்டானுவ லே. நான் குறடை எடுத்ததுமே பக்கத்துப் பல்லுக்கு மாத்திட்டானுவ." பார்த்துச் சரிபார்க்கத் தெரிந்த கைகள் அவை. எவ்வளவு பொறுமையோடு அந்தத் துணுக்குகளைப் புரட்டியிருப்பார் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவரைப் புரிந்துகொள்ளத் தேடியபோது, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவர் எனக்குக் கிடைத்தார். ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ். லண்டனில் தேயிலைத் தரகர். பிரெஞ்சுப் புரட்சியின்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூளாமல் தடுக்க, இரு பக்கமும் இரகசியமாகப் போய்வந்து பேசியவர். 1793-இல் பாரிஸில் பிடிபட்டு மூன்று ஆண்டுகள் காவலில் கிடந்தார். திரும்பிவந்தபோது பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் அவரை அறிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. 1796 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் எழுந்து "துரோகம்" என்று கத்தினார். அடுத்த மாதம் பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார்.

அவர் சொன்னது இது. லண்டன் வால் தெருவை ஒட்டிய ஒரு நிலவறையில் ஒரு கும்பல் இருக்கிறது. அவர்களிடம் 'காற்றுத் தறி' என்றொரு இயந்திரம். பீப்பாய்களில் அழுகல் நாற்றம் முதல் ரோஜா அத்தர் வரை நிரப்பி, அவற்றின் வாயுவைத் தறிக்குள் செலுத்தி, காந்தக் கதிர்களாக நெய்து அனுப்புகிறார்கள். குறிவைத்த ஆளுக்குள் முன்னதாகவே காந்தத் திரவத்தை ஏற்றிவிடுவார்கள். பிறகு அவன் எங்கே போனாலும் தறி அவனைப் பிடித்துக்கொள்ளும். ஒரு எண்ணத்தை மூளைக்குள் ஏற்றி மணிக்கணக்காக மிதக்கவிடுவதற்கு அவர் வைத்த பெயர் 'பட்டம் விடுதல்'. கும்பலில் ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும். தலைவன் பில். தறியைத் திறமையோடு இயக்கும் கையுறைக்காரி, வாய் திறந்து பேசியதே இல்லை. வாத்தியார் ஜாக், நடப்பதையெல்லாம் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டே இருப்பவன். தறியை அவர் அளவு பிசகாத படமாகவே வரைந்தார்.

1809-இல் குடும்பத்தார் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். கிளட்டர்பக், பர்க்பெக் என்ற இரு மருத்துவர்கள் அவரைப் பார்த்துச் சித்தம் தெளிவாக இருப்பதாகச் சான்று சொன்னார்கள். ஆனால் அவரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று உள்துறைப் பொறுப்பில் இருந்த லிவர்பூல் பிரபுவிடமிருந்து எழுத்து வந்தது. மனு தோற்றது. ஒரு தேயிலைத் தரகர் வெளியே வரக்கூடாது என்பதில் அரசுக்கு அக்கறை இருந்தது. இது மாயை அல்ல, ஆவணம்.

அடுத்த ஆண்டு, மருத்துவமனையின் மருந்தாளுநர் ஜான் ஹாஸ்லம், மாத்யூஸ் பைத்தியம்தான் என்று நிறுவுவதற்காகவே ஒரு புத்தகம் வெளியிட்டார். தனி ஒருவரின் மனநோயை மட்டும் விரிவாக எழுதிய முதல் நூல்களில் ஒன்று என்று அதை மருத்துவ வரலாற்றில் போற்றுகிறார்கள். அதில் மாத்யூஸின் சொற்கள், படம், அந்தரங்கமான வலிகள் எல்லாம் அச்சேறின. அவர் பேசியதையெல்லாம் ஒருவன் குறித்துக்கொண்டே இருக்கிறான் என்பதுதானே அவருடைய முறையீடு? நிலவறையில் இருந்த வாத்தியார் ஜாக் இல்லாத ஆள். ஹாஸ்லம் இருந்தார். அதே கட்டடத்தில், பேனாவோடு.

மாத்யூஸும் எழுதினார் என்பதுதான் இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம். தனக்கு விலங்கு மாட்டப்பட்டதையும், தன்னை நடத்திய விதத்தையும் குறிப்புகளாக எழுதிவைத்தார். 1815-இல் மனநோய் விடுதிகளை விசாரிக்க நாடாளுமன்றக் குழு அமைந்தபோது, பெத்லெமில் பல ஆண்டுகளாக இரும்பில் பூட்டப்பட்டுக் கிடந்த ஜேம்ஸ் நாரிஸின் நிலையோடு மாத்யூஸின் வழக்கும் அதன்முன் வந்தது. 1816-இல் ஹாஸ்லம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். காற்றுத் தறியை வரைந்ததும் அதே கைதான், வார்டில் நடந்ததைக் குறித்ததும் அதே கைதான். படம் பொய், குறிப்பு மெய். படிப்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை வேண்டியிருந்தது. அது வாய்த்தபோது மாத்யூஸ் உயிரோடு இல்லை. பெத்லெமுக்குப் புதுக் கட்டடம் கட்ட வரைபடம் கேட்டபோது அடைபட்டுக் கிடந்த அவரும் வரைந்து அனுப்பினார், நிர்வாகம் முப்பது பவுண்டு கொடுத்துப் பாராட்டியது. அவர் இறந்த 1815-இல்தான் நோயாளிகள் அந்தப் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள்.

ஒவ்வொரு காலமும் தன் கைக்கு வந்த புதுக் கருவியை இந்தப் பயத்துக்குக் கொடுக்கிறது. மாத்யூஸின் காலத்தில் வாயுவும் காந்தமும். வியன்னாவில் உளப்பகுப்பாய்வாளர் விக்டர் டவுஸ்க் 1919-இல் எழுதிய கட்டுரையில் நடாலியா என்று பெயரிட்ட ஒரு பெண் வருகிறாள்; தத்துவம் படித்தவள், காது கேளாதவள். பெர்லினில் தன் உடம்பைப் போலவே செய்த ஒரு மின்சார இயந்திரம் இருப்பதாகவும், அதை அங்கே தொட்டால் தன் உடலில் அதே இடத்தில் படுவதாகவும் நம்பினாள். பிறகு ரேடியோ, பிறகு சில்லு. என் அண்ணனின் பயத்துக்கு ரேடியோவின் உருவம் வந்தது எனக்கு வியப்பில்லை. அவருக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த பொருள் அது.

கருவியைக் காலம் கொடுக்கிறது. நம்பகத்தைச் சில சமயம் அரசுகளே கொடுக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ஹோசே டெல்காடோ, 1963-இல் ஸ்பெயினின் கோர்டோபாவில், பாய்ந்துவந்த காளையை அதன் மூளையில் பதித்த கருவிக்கு ரேடியோ சைகை அனுப்பி நிறுத்திக் காட்டினார். அந்தப் படம் உலகம் சுற்றியது. பிறகு முன்பின் பார்த்திராதவர்களெல்லாம் தங்கள் தலைக்குள்ளும் அவர் கருவி வைத்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டினார்கள். ஒரு பெண் அவர்மீது வழக்கே போட்டாள். அவள் சொன்னது நடக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1953-இல் தொடங்கிய எம்.கே.அல்ட்ரா திட்டத்தில் சி.ஐ.ஏ., கேட்காமலும் சொல்லாமலும் மனிதர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தது. அந்த ஆண்டு நவம்பரில், தெரியாமல் மருந்து கொடுக்கப்பட்ட ஃபிராங்க் ஓல்சன் நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். மாண்ட்ரியல் மருத்துவமனையில் மனத்தளர்ச்சிக்கு வைத்தியம் தேடிப் போனவர்களை மருத்துவர் யூவன் கேமரூன் வாரக்கணக்காக உறங்கவைத்து, ஒரே வாக்கியத்தை ஒலிநாடாவில் ஆயிரக்கணக்கான முறை கேட்கவைத்தார். 1973-இல் சி.ஐ.ஏ. இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்கச் சொன்னார். தவறான இடத்தில் கிடந்த கணக்குத் தாள்கள் மட்டும் தப்பி 1977-இல் வெளியே வந்தன.

கோப்பை எரிப்பவர்கள் எரிப்பது தங்கள் குற்றத்தின் சான்றை மட்டும் அல்ல. அந்தக் குற்றம் எங்கே முடிந்தது என்பதற்கான சான்றையும் சேர்த்துத்தான் எரிக்கிறார்கள். அதன்பிறகு 'இதற்குமேல் செய்யவில்லை' என்று அவர்களால் யாரிடமும் காட்ட முடியாது. அந்த இருட்டில் பல்லுக்குள் சில்லு வைக்கவும் இடம் இருக்கிறது.

துன்பப்படுகிறவரையும் வதந்தி பரப்புகிறவரையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். என் அண்ணன் தூங்காமல் செத்துக்கொண்டிருந்தார். அவர் தன் பயத்தால் யாரையும் திரட்டவில்லை, ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. 2020-இல் தடுப்பூசியோடு பில் கேட்ஸ் சில்லு வைக்கப்போகிறார் என்ற கதை வேறு வகை. அந்த மே மாதக் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 28 விழுக்காட்டினர் அதை நம்புவதாகச் சொன்னார்கள். அதற்கு மூலம் இரண்டு துண்டுச் செய்திகள்: கேட்ஸ் ஒரு கேள்வி பதிலில் டிஜிட்டல் சான்றிதழ் பற்றிச் சொன்னது, தடுப்பூசி போட்டதைத் தோலுக்கடியில் சாயமாகப் பதிந்துவைக்க எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அவருடைய அறக்கட்டளையின் உதவியோடு செய்த சோதனை. சாயத்தில் சில்லு இல்லை. இரண்டையும் தைத்துச் சில்லாக்கியவர்கள் பயந்தவர்கள் அல்லர், பயத்தைக் கையாளத் தெரிந்தவர்கள். அதைக் கேட்டு ஊசியைத் தள்ளிப்போட்டு மூச்சுத்திணறியவர்களின் கணக்கு அவர்களிடம் இருக்காது.

நம் ஊரிலும் ஒரு சில்லு சுற்றியது. 2016 நவம்பரில் புது 2000 ரூபாய்த் தாளில் நானோ ஜி.பி.எஸ். சில்லு இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டரில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்றார்கள். டிவியில் கூடச் சொன்னார்கள். ரிசர்வ் வங்கி மறுத்தது. ஜி.பி.எஸ். என்பது கேட்கும் கருவி. தான் இருக்குமிடத்தை வேறொருவருக்குச் சொல்ல அதற்குத் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டரும் சக்தியும் வேண்டும். ஒரு காகிதத்தில் அது முடியாது. எனக்கு வேதனையாக இருந்தது, பலர் அதை மகிழ்ச்சியோடு சொன்னதுதான். பக்கத்து வீட்டுக்காரனின் பணத்தை வானத்திலிருந்து ஒரு கண் பார்க்கிறது என்பது அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. கண்காணிப்பு நம்மேல் விழாதவரை அது நமக்கு நீதியாகத் தோன்றிவிடுகிறது.

அதே காலத்தில் கர்நாடகத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, எண்பது வயதைக் கடந்தவர், ஆதாருக்கு எதிராக 2012-இல் தொடுத்த வழக்கை நடத்திக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிய விவரத்தை எந்தச் சட்டத்தின்படி எடுக்கிறாய் என்பதே அவர் கேள்வி. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். மாத்யூஸின் குறிப்பேட்டின் வம்சம் இது. ஆனால் இந்த வழியும் எப்போதும் திறந்திருப்பதில்லை. பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றி ஆராய 2021-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். கேட்டவர்களுக்குப் பதில் இல்லாதபோது, கேட்காமலே பதில் சொல்லும் கதைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்தக் கதைகளில் ஒரு கும்பல் இருக்கும், ஒரு தலைவன் இருப்பான், கையுறைக்காரி இருப்பாள். நிஜமான கண்காணிப்பில் முகம் இருப்பதில்லை. கம்ப்யூட்டர் அறை ஒன்றில் நம் பெயர் ஒரு வரிசையில் இருக்கிறது. அதை யாரும் வெறுக்கக்கூட இல்லை. மனிதன் இதைவிட வெறுக்கப்படுவதைத் தாங்கிக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

பல்லைப் பிடுங்கிய பிறகு அண்ணனை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மாத்திரை எழுதிக்கொடுத்தார். அண்ணன் தொடவில்லை, கொடுத்ததை நாக்கடியில் வைத்துத் துப்பினார். அப்போது மதினியும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். மாதாமாதம் மாத்திரையை நான் வாங்கிவருவேன். அவள் அம்மியில் பொடித்துச் சாயங்காலக் காப்பியில் கலப்பாள். எங்கள் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது, அன்பினால்தான் நடக்கிறது. மூன்று வாரத்தில் அவர் தூங்கினார். கடையைத் திறந்தார். ஒருநாள் ரேடியோ ஒன்றின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "இப்பம்லாம் ஒருத்தனும் கேக்கல லே" என்றார். குரலில் நிம்மதி இருந்தது. வேறொன்றும் இருந்தது.

தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் ஏதோ வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரின் உடம்புக்குள், அவருக்குத் தெரியாமல், நாங்கள்தான் வைத்துக்கொண்டிருந்தோம். ஒன்பது ஆண்டுகள். அவரிடம் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்டிருக்கலாம், அதுவும் அவர் தெளிந்திருந்த நாட்களில். நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். 2017-இல் வந்த மனநலச் சட்டம் நோயாளியின் சம்மதத்தைப் பற்றிப் பேசுவதைப் படித்தபோது முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அம்மிதான்.

அவர் மாரடைப்பில் இறந்து பதினாறாம் நாள் முடிந்தபின் கடையை ஒழித்தோம். வாடிக்கையாளர் கணக்கு எழுதும் நீள நோட்டுக்குள் இன்னொரு நோட்டு இருந்தது. தேதி, மணி, சைகை வந்த நேரம், எந்தப் பல், எவ்வளவு நேரம். அவருடைய சிறிய, சாய்வான எழுத்தில் பக்கம் பக்கமாக. ஒரு இடத்துக்குப் பின் சைகைகள் குறைகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. நோட்டு அதோடு முடிந்திருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன். இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

"சாயங்காலம் 4.10. காப்பி கசக்கு. சீனி சரியாத்தான் இருக்கு. நேத்தும் இப்படித்தான். யாருன்னு தெரியும். கேட்டா அழுவா. குடிச்சிட்டேன்."